இடப்பக்கத்து பிரேக்

நான் வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூலில் இப்போது சொல்லித்தரும் திவ்யா போன வாரம் போன் செய்தாள். "அக்கா, இப்பல்லாம் மொதல்ல சிமுலேட்டர்லதான் உக்கார வெக்கறோம். ஸ்கிரீன்லயே மார்க் வந்துடுது. நல்ல மார்க் எடுத்தவங்க ரோட்டுக்கு வந்தா திருதிருன்னு முழிக்கறாங்க. உங்க காலத்துல, ஒருத்தங்க கத்துக்கிட்டாங்களா இல்லையான்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?"

எங்களுக்கும் தெரியாது என்றேன். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தாள். தமாஷ் இல்லை. கற்றுக்கொள்வது என்பது விசித்திரமான சமாசாரம். நாம் ஒன்றைச் சொல்லித்தருவோம், அவர்கள் வேறொன்றைக் கற்றுக்கொண்டு போவார்கள், இரண்டு பேருக்குமே அது தெரியாது. அவளுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்ட கதை சின்னது. தாம்பரத்தில் அந்த ஸ்கூலில் பில் போடவும் போன் எடுக்கவும் சேர்ந்தேன். பெண்கள் வந்து, "சொல்லித்தர லேடீஸ் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன முதலாளி, ஒரு நாள் "நீயே ஏறு கலா" என்றார். ஏறினேன். இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது. ஒரு பெண் இடப்பக்கம் உட்கார்ந்து இன்னொரு பெண்ணுக்குக் கார் சொல்லித்தருவதைப் பார்க்க, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தை வெளியே நீட்டுவார்கள். நானும் பதிலுக்கு முறைப்பேன்.

முதலாளியை எல்லாரும் நாகு அண்ணன் என்போம். பெருங்களத்தூர்ப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அது அபார்ட்மெண்ட் ஆனபிறகு, வாடகை வாங்கிக்கொண்டு காலாட்டியபடி இருந்திருக்கலாம். ஏன் இந்தத் தலைவலி என்று ஒரு தடவை கேட்டேன். "மனுசன் எப்படிக் கத்துக்கறான்னு பாக்கறது ஜாலியா கீது கலா" என்றார். அவ்வளவுதான் காரணம்.

அவர் யாருக்கும் சொல்லித்தர மாட்டார். பின் சீட்டில் வறுத்த கடலைப் பொட்டலத்தோடு ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். கியர் மாறும் சத்தத்தைக் கேட்டபடி கடலை மென்றுகொண்டிருப்பார். பாடம் முடிந்து, கற்றுக்கொள்ள வந்த அம்மாள் இறங்கிப் போனதும் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்.

"இன்னிக்கு இவங்க இன்னா கத்துக்கினாங்க?"

"ஹாஃப் கிளச் அண்ணா."

"நீ சொல்லிக்கொடுத்தது கேக்கல. அவங்க கத்துக்கினது இன்னா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டும் ஒன்றுதானே, இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று தோன்றும். வித்தியாசத்தை எனக்குக் காட்டியது ஒரு நாய்.

சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு அமைதியான தெருவில்தான் புது ஆட்களை ஓட்டவைப்போம். அங்கே ஒரு பழுப்பு நாய் இருந்தது. தண்ணீர் லாரி போகும், பால் வண்டி போகும், எதையும் கண்டுகொள்ளாது. எங்கள் வெள்ளைக் காரைக் கண்டால் மட்டும் உயிரைக் கொடுத்துத் துரத்தும். வண்டியை நிறுத்தாமல் விடாது என்பதால் அதற்கு ஆர்.டி.ஓ. என்றே பெயர் வைத்திருந்தோம்.

என்ன விரோதம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஆசை வந்தது. எல் போர்டுதான் பிடிக்கவில்லை என்றார் ஒரு ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர். போர்டைக் கழற்றிவிட்டு அவரையே ஓட்டச் சொன்னேன். துரத்தியது. அதே காரை நான் ஓட்டிப்போனேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நாகு அண்ணனின் சொந்தக் காரை, அது நீலம், மேனேஜர் கையில் கொடுத்தோம். பாய்ந்து வந்தது. அப்படியானால் போர்டும் இல்லை, காரும் இல்லை, நிறமும் இல்லை. கடைசியாக நானே முதல் கியரில் போட்டு, எஞ்சின் கதறக் கதற, புது ஆள் மாதிரி ஓட்டினேன். எங்கிருந்துதான் வந்ததோ, அம்பு மாதிரி வந்தது. அந்தக் கதறல்தான் அதற்கு அழைப்பு மணி.

ஆனால் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நாகு அண்ணன் கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னார்.

"அது கொலைக்குது. இவங்க பயந்துகினு கிளச்ச வுட்டுடறாங்க. வண்டி ஆஃப் ஆயி நின்னுடுது. நாய் இன்னா நெனைக்கும்? நாம கொலைச்சோம், இம்மாம் பெரிய வண்டி நின்னுச்சுன்னு நெனைக்காது?"

நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தினமும் காலையில் ஒரு காரைக் குரைத்தே நிறுத்துகிற கௌரவம் கிடைத்தால் எந்த நாய்தான் விடும்? இனி அந்தத் தெருவில் வண்டி நிற்கவே கூடாது என்று முடிவு செய்தேன். முதல் சில நாள் அது முன்னைவிட வெறியாகக் குரைத்தது, டயரைக் கடிக்கப் பார்த்தது. பிறகு சுரத்தில்லாமல் ஒன்றிரண்டு குரல். அப்புறம் மணல் மேட்டில் படுத்துக்கொண்டு சும்மா பார்த்தது. சரி, மறந்துவிட்டது என்று நிம்மதியானேன். ரொம்ப நாள் கழித்து ஒரு அம்மாள் அங்கே வண்டியை ஆஃப் ஆக்கினாள். அடுத்த நாளே ஆர்.டி.ஓ. பழைய அதிகாரத்தோடு டியூட்டியில் சேர்ந்துவிட்டது. அது மறக்கவே இல்லை, சும்மா இருந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் வெயில் தணிந்த சமயத்தில் ஃபரீதா வந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. மேற்குத் தாம்பரத்தில் வீட்டின் பின்பக்கம் அடுப்புப் போட்டு பன்னும் ரஸ்க்கும் செய்து, ஒரு பக்கம் பெருங்களத்தூர், ஒரு பக்கம் மேடவாக்கம் வரை டீக்கடைகளுக்கு ஆம்னி வேனில் கொண்டுபோய்ப் போடுகிற குடும்பம். ஓட்டுவது அவள் கணவர் ஜமால். அவருக்கு வலிப்பு வர ஆரம்பித்திருந்தது.

"அக்கா, எனக்குக் கார் ஓட்டணும்னு ஆசையெல்லாம் இல்ல" என்றாள் முதல் நாளே. "அவுங்கள ஓட்ட வுடாம பண்ணணும். அதுக்குத்தான் வந்தேன். டாக்டர் ஸ்டியரிங்கையே தொடக் கூடாதுன்னுட்டாரு. இவுங்க கேக்க மாட்டேங்கறாங்க. மாத்திரை சாப்பிடறேன்ல, ஒண்ணும் ஆவாதுங்கறாங்க. டிரைவர் வெச்சாலும் சண்டை போட்டுத் தொரத்திடறாங்க."

"அப்ப யார் ஓட்டறது?"

"அவுங்கதான். நான் பக்கத்துல உக்காந்துகினு போறேன். வூட்டுல இருந்து கெளம்பித் திரும்பி வர வரைக்கும் என் கை ஹேண்ட்பிரேக் மேலதான் இருக்கும். நீ லைசென்ஸ் எடு, அன்னிக்கே சாவியக் கொடுத்துடறேன்னு சொல்லியிருக்காங்க."

இதுவரை நான் சொல்லித்தந்தவர்கள் எல்லாம் பிள்ளையை ஸ்கூலில் விட, கோயிலுக்குப் போக, மாமியாரிடம் பந்தா காட்ட என்று வந்தவர்கள். இவள் ஒவ்வொரு நாள் தாமதிக்கும்போதும் அந்த மனிதர் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

அவள் கற்றுக்கொண்ட வேகம் என்னை அசர வைத்தது. கிளச் பட்டுப்போல விடுவாள். செலையூர்ப் பக்கம் குறுகலான சந்துகளில் ரிவர்ஸ் எடுத்தால் நானே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் ஒரு தடவைகூட பிரேக்கை அழுத்த வேண்டியிருக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் இடப்பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். இரண்டு பக்கத்துப் பெடல்களையும் ஒரு இரும்புக் கம்பி இணைக்கும். குறுக்கே யாராவது வந்தால் நான் என் காலைத் தூக்கி அந்த பிரேக் மேல் தயாராக வைப்பேன். அழுத்துவதற்குள் ஃபரீதாவே நிறுத்திவிடுவாள். கெட்டிக்காரி என்று வீட்டிலும் போய்ச் சொன்னேன்.

டெஸ்டில் இன்ஸ்பெக்டர் என் இடத்தில் உட்கார்ந்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். அழகாக எடுத்தாள், கியர் மாற்றினாள். எதிரே ரோட்டின் நடுவில் ஒரு மாடு அசைபோட்டபடி நின்றது. ஃபரீதா அதை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தாள். நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் பதறிப்போய் இடப்பக்கத்து பிரேக்கை மிதித்தார். பதற்றம் என்று அவளைத் தேற்றி மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு மூன்று சக்கர சைக்கிள். அதே கதை.

"கை நல்லா இருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "கண்ணு எங்க இருக்குன்னுதான் தெரியல."

வாசலில் ஜமால் பாய் நின்றிருந்தார், ஆம்னியை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். "பரவால்ல வுடு, நான் இருக்கேன்ல" என்று சிரித்தபடி ஸ்டியரிங் முன்னால் ஏறினார். ஃபரீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். அவள் கை ஹேண்ட்பிரேக்குக்குப் போவதைப் பார்த்தேன்.

நாகு அண்ணனிடம் புலம்பினேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "இன்னா கத்துக்கினாங்க?"

"எல்லாம்தான் அண்ணா" என்று கத்திவிட்டேன். அவர் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அந்த வாரம் எனக்குக் குதிகால் வலி. காலைத் தொங்கப்போட முடியாமல் சீட்டிலேயே மடக்கி வைத்துக்கொண்டு அவளை ஓட்டச் சொன்னேன். கேம்ப் ரோடு பக்கம் ஒரு பால்காரர் சைக்கிளைத் திருப்பினார். ஃபரீதா நேராக அவர் மேல் போனாள். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிட்டதோ என்று நினைத்தேன். பால்காரர் நல்ல தமிழில் எங்களை வாழ்த்தினார்.

அதே ரோடு, அதே கார், அதே ஃபரீதா. நேற்று வரை நிறுத்தினாள், இன்று இல்லை. அப்போதுதான் ஆர்.டி.ஓ. ஞாபகம் வந்தது. போர்டு, கார், நிறம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோமே. இன்று மாறியது என்ன? என் கால் மட்டும்தான்.

அடுத்த நாள் நாகு அண்ணனையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கரணைப் பக்கம் போனோம். மனை பிரித்து, ரோடும் போட்டு, வீடு மட்டும் வராத இடம். ஈ காக்கை இல்லை. அவள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு காரணமும் இல்லாமல், என் காலைத் தூக்கி பிரேக் மேல் மெல்ல வைத்தேன். அழுத்தவில்லை. கார் நின்றது. அவள்தான் நிறுத்தியிருந்தாள்.

"ஏம்மா நிறுத்தினே?"

"தெரியலக்கா. நிறுத்தணும்னு தோணுச்சு."

பொய் சொல்லவில்லை, பாவம், அவளுக்கே தெரியவில்லை. பின் சீட்டில் கடலை மெல்லும் சத்தம் நின்றது. "இன்னொரு வாட்டி வை" என்றார் நாகு அண்ணன். வைத்தேன். "டிக்குனு ஒரு சத்தம் கீது கலா. உனக்குக் கேக்கல?"

எனக்குக் கேட்கவில்லை. குனிந்து கையால் பெடலைத் தொட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன். கம்பி இணைகிற இடத்தில், நகம் வெட்டுகிற மாதிரி ஒரு சின்ன டிக். வருஷக் கணக்காக என் காலடியிலேயே இருந்த சத்தம், எனக்குக் கேட்பதே நின்றுபோயிருந்தது. ஃபரீதாவின் காது மட்டும் அதைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. நான் அவளுக்கு ரோட்டைச் சொல்லித்தந்தேன். அவள் என் காலைக் கற்றுக்கொண்டாள்.

அவளிடம் உடனே சொல்லிவிட்டோம். அதிர்ந்துபோய்க் காரை விட்டு இறங்கி, அந்தப் பெடலைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சரிக்கா, இனிமே கேக்க மாட்டேன்" என்றாள். தெரிந்துவிட்டால் போதும் என்றால் ஊரில் ஒருத்தரும் சிகரெட் பிடிக்க மாட்டார்களே. மறுபடி ஓட்டினாள், டிக் கேட்டதும் நின்றாள். கிரீஸ் தடவிச் சத்தத்தையே ஒழித்துப் பார்த்தோம். அப்போது ஒன்றுக்குமே நிற்கவில்லை. அதுவும் போக, இந்தச் சத்தம் போனால் என் மூச்சையோ வளையலையோ பிடித்துக்கொள்வாள் என்று எனக்குப் பயம்.

வழி நாயிடமிருந்துதான் கிடைத்தது. குரைத்தால் கார் நிற்கும் என்பது பொய்யானபோதுதான் அது குரைப்பதை விட்டது. அப்படியானால் இந்த டிக்கும் பொய் சொல்ல வேண்டும். கிரீஸைத் துடைத்தோம். ஆளில்லாத அந்த மனை ரோட்டில், காலை வைத்தும் எடுத்தும், சும்மா சும்மா டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே வந்தேன். எதற்கும் ஒரு அர்த்தமும் இல்லாமல்.

முதலில் நிலைமை இன்னும் மோசமானது, நாய் கதையில் ஆனது போலவே. ஒவ்வொரு டிக்குக்கும் தூக்கிப் போடுகிற பிரேக். பின்னால் நாகு அண்ணனின் கடலை கார் முழுக்கச் சிதறியது. ஃபரீதாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அக்கா, மிருதங்கம் வாசிக்கணும்னா சபாவுக்குப் போங்க. என் உசுர வாங்காதீங்க. இங்க நான் படற அவஸ்தை பத்தாதுன்னு, அங்க அவுங்க ஓட்டிக்கினு திரியறாங்க."

"திட்டு, நல்லாத் திட்டு. ஆனா ஓட்டு" என்றேன். எனக்கும் அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. இது பலிக்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன்? ஒரு தெருநாயை நம்பி ஒரு குடும்பத்தின் நாட்களைச் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

அந்த டிக் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பிழந்தது. அதை நம்ப முடியாமல்போக, நிறுத்துவதற்கான காரணத்தை அவள் கண் ரோட்டிலேயே தேட ஆரம்பித்தது. ஒரு நாள் காலை, நான் இரண்டு காலையும் சீட்டில் மடித்து உட்கார்ந்திருந்தேன். நிறுத்திவைத்த செங்கல் லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ஆடு எட்டிப்பார்த்தது. கார் மெல்ல வேகம் குறைந்து, ஆட்டுக்கு வழிவிட்டு நின்றது.

"ஏம்மா நிறுத்தினே?"

பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "ஆடு வருதுல்லக்கா."

பின் சீட்டில் நாகு அண்ணன் கண்ணைத் திறந்தார். அன்று அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த டெஸ்டில் தேறினாள். ஜமால் பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றிச் சாவியைக் கொடுத்தார், ஆனால் இடப்பக்கத்து சீட்டில் அவர் வருவார் என்று நிபந்தனை. ஒரு நாள் பன் தட்டுகளுக்கு நடுவே நானும் உட்கார்ந்து போனேன். அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. எதிரே ஆட்டோ வந்தாலும், ஆள் வந்தாலும், இல்லாத பிரேக்கைத் தேடி அவர் கால் வேனின் தகரத் தரையில் தொம்மென்று மிதிக்கும்.

"பாய், கால மடிச்சு உக்காருங்க."

"பழக்கம்மா, என்ன பண்றது?"

ஃபரீதாவைத் தனியாக அழைத்து, ஏரிக்கரை நாயின் கதையைக் கடைசி அத்தியாயம்வரை சொன்னேன். உள்ளே இருக்கிற பழக்கம் சாகவில்லை, படுத்திருக்கிறது. ஒரு தடவை அவர் காலுக்கு நிறுத்தினால் எல்லாம் திரும்ப ஆரம்பித்துவிடும் என்றேன். அவள் தலையாட்டினாள். அவள் கவலை வேறு. "இன்னொரு சாவி வெச்சிருக்காங்கக்கா. விடிகாலைல மைதா எடுக்கப் போறேன்னு அவுங்களே வேன எடுத்துனு போயிடறாங்க. நான் எழுந்து பாத்தா வாசல்ல வண்டி இருக்காது." லைசென்ஸ் எடுத்தும் அவளுக்கு விடிவு வரவில்லை.

பொங்கல் முடிந்து ஒரு நாள் மத்தியானம் ஸ்கூலுக்கு வந்தாள். கையில் பன் பொட்டலம். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"போகிக்கு மொத நாள்க்கா, பெருங்களத்தூர்ல. ஊருக்குப் போற கூட்டம், ரோடு முழுக்க பஸ்ஸு. நடு லேன்ல போய்க்கினு இருக்கேன். திடீர்னு அவுங்க காலு தகரத்துல தடதடன்னு அடிக்குது. வலிப்பு."

நாகு அண்ணன் பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"என் காலு பிரேக்குக்குப் போச்சுக்கா. போச்சு. ஆனா அமுக்கல. கண்ணாடியப் பாத்தேன். பின்னாடி ஒரு பஸ்ஸு ஒட்டிக்கினு வருது, நின்னிருந்தா ஏத்தியிருப்பான். அவுங்க அடிச்சிக்கினே இருக்காங்க. நான் இண்டிகேட்டர் போட்டு, கையக் காட்டி, ஓரம் வந்து, ஹேண்ட்பிரேக்கப் போட்டுட்டுதான் அவுங்க பக்கம் திரும்பினேன்."

அவள் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சட்டைப் பொத்தானைத் தளர்த்துவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பதுதானே நம் ஊர் வழக்கம். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொன்னாலும் யார் கேட்கிறார்கள்? ஒரு பூக்காரம்மா எட்டி, வேன் சாவியை உருவி, அவர் உள்ளங்கையில் திணித்துவிட்டாள்.

"கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுது. சுத்திப் பாத்தாங்க. ரோட்டப் பாத்தாங்க, பஸ்ஸுங்களப் பாத்தாங்க. 'வண்டிய யாரு நிறுத்துனது?'ன்னாங்க. நான்தான்னேன்."

"என்ன சொன்னார்?"

"கையில இருந்த சாவிய என்கிட்ட கொடுத்தாங்க. அப்புறம் சட்டைப் பையில கைய வுட்டு, இன்னொரு சாவியையும் எடுத்துக் கொடுத்தாங்க."